பனிக்கட்டி ஏற்றிய கப்பல்

(பிரெடரிக் டியூடர்: வாழ்க்கை வரலாறு)

நுழையும் முன்

சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் வட்ட வடிவ முகப்புடைய பழைய கட்டடம் ஒன்று நிற்கிறது. அதன் இன்றைய பெயர் விவேகானந்தர் இல்லம். ஆயினும் அதனைச் சூழ்ந்த பகுதியைச் சென்னை மக்கள் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே அழைக்கின்றனர். பனியே பெய்யாத ஊரில் பனிக்கட்டிக்கு ஒரு மாளிகை எழுந்தது எவ்வாறு? அதன் விடை, கடலுக்கு அப்பால் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையில் இருக்கிறது.

இளமை

அமெரிக்க நாட்டின் வடகிழக்குக் கரையில் அமைந்த துறைமுக நகரம் பாஸ்டன். அந்நகரில் 1783ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4ஆம் நாள் பிரெடரிக் டியூடர் பிறந்தார். தந்தை புகழ்பெற்ற வழக்கறிஞர். உடன்பிறந்தோர் ஹார்வர்டு கல்லூரியில் பயின்றனர். பிரெடரிக்குக்கோ ஏட்டுக் கல்வியில் மனம் செல்லவில்லை. பதின்மூன்றாம் வயதில் பள்ளியை விட்டு விலகி, வணிகம் கற்கத் தொடங்கினார்.

அண்ணன் ஜான் உடல்நலம் குன்றியவர். வெப்பநாட்டுக் காற்று நலம் தரும் என்று கருதி, 1801ஆம் ஆண்டு இருவரும் கியூபா நாட்டின் ஹவானா நகருக்குக் கடல் வழியே சென்றனர். ஆனால் அங்கு நிலவிய கடும் வெப்பம் நோயாளியை மேலும் வருத்தியது. இருவரும் அமெரிக்கா திரும்பினர். 1802ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜான் உயிர்நீத்தார். வெப்பத்தில் தவிக்கும் நோயாளிக்குக் குளிர்ச்சி எத்துணை அரிய பொருள் என்பதைப் பிரெடரிக் கண்ணெதிரே கண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

நகைப்புக்கு இடமான எண்ணம்

பாஸ்டன் பகுதியில் குளிர்காலம் கடுமையானது. ஏரிகளும் குளங்களும் உறைந்து, அவற்றின் மேல் மனிதரும் குதிரைகளும் நடக்கும் அளவுக்குப் பனிக்கட்டி தடித்துவிடும். செல்வர்கள் அதனை வெட்டி எடுத்துத் தம் தோட்டத்துப் பனிக்கிடங்கில் சேமித்து வைப்பர். கோடையில் குளிர்ந்த பானங்கள் அருந்துவர். டியூடர் குடும்பத்துக்கும் அத்தகைய கிடங்கு ஒன்று இருந்தது.

இங்கே வீணாக உருகும் பனிக்கட்டியை வெப்பநாடுகளுக்கு அனுப்பினால் என்ன என்னும் எண்ணத்தை அண்ணன் வில்லியம்தான் முதலில் வெளியிட்டார் என்பர். அவர் அதனைப் பேச்சோடு விட்டுவிட்டார், தம்பி விடவில்லை. 1805ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரு நாட்குறிப்பு ஏட்டைத் திறந்து, தம் திட்டங்களை எழுதத் தொடங்கினார்.

நகரத்தார் நகைத்தனர். சரக்கு வழியிலேயே நீராகிவிடும் என்றனர். கப்பல் உரிமையாளர்களோ அஞ்சினர். பனிக்கட்டி உருகினால் கப்பலின் அடித்தளத்தில் நீர் தேங்கும். பிற சரக்குகள் நனைந்து கெடும். கப்பலுக்கே ஆபத்து நேரலாம். அவர்களுடைய அச்சம் பொருளற்றது அன்று. கப்பல் கொடுப்பார் எவரும் இல்லாததால், 4,750 டாலர் செலவிட்டு ஃபேவரிட் என்னும் இரட்டைப் பாய்மரக் கப்பலை டியூடரே விலைக்கு வாங்கினார்.

முதற் பயணம்

1806ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள், ஏறத்தாழ 130 டன் பனிக்கட்டியுடன் ஃபேவரிட் புறப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான மார்ட்டினிக் தீவை மூன்று வாரங்களுக்குப் பின் அடைந்தது. நகைத்தவர்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக, பனிக்கட்டியின் பெரும்பகுதி உருகாமல் இருந்தது.

எனினும் வெற்றி கிட்டவில்லை. கப்பலில் காத்த பனிக்கட்டியைக் கரையில் காக்க இடமில்லை. தீவில் பனிக்கிடங்கு கட்டப்பட்டிருக்கவில்லை. வாங்கியவர்களுக்கும் அதனைப் பேணும் முறை தெரியவில்லை. சிலர் வெயிலில் திறந்து வைத்தனர். சிலர் நீரில் இட்டு வைத்தனர். அது கரைந்ததும் விற்றவர்மீது பழி சுமத்தினர். உணவு விடுதிக்காரர் ஒருவருக்காக டியூடர் தாமே பனிக்கூழ் செய்து காட்ட வேண்டியதாயிற்று. அதனை மக்கள் விரும்பி உண்டனர். ஆயினும் சில வாரங்களில் சரக்கு முழுவதும் நீராயிற்று. டியூடருக்கு 4,000 டாலருக்கு மேல் இழப்பு.

இந்தத் தோல்வி அவருக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தது. குளிர்ச்சியைக் கொண்டு சேர்த்தல் ஒரு சங்கிலி போன்றது. ஏரி, கிடங்கு, கப்பல், கரைக்கிடங்கு, வாங்குவோர் இல்லம் ஆகியவை அதன் கண்ணிகள். ஒரு கண்ணி அறுந்தாலும் உழைப்பு அனைத்தும் நீராகிவிடும்.

கடனும் சிறையும்

அடுத்த பத்து ஆண்டுகள் துன்பம் நிறைந்தவை. 1807ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க அரசு அயல்நாட்டு வணிகத்துக்குத் தடை விதித்தது. பின்னர்ப் பிரிட்டனுடன் போர் மூண்டது. தந்தையின் செல்வமும் நில வணிகத்தில் கரைந்தது. கடன் கொடுத்தோர் வழக்குத் தொடுத்தனர். கடனைத் திருப்பிச் செலுத்தாதவரைச் சிறையில் அடைக்கும் சட்டம் அக்காலத்தில் நடைமுறையில் இருந்தது. 1812, 1813 ஆகிய ஆண்டுகளில் டியூடர் கடனுக்காகச் சிறை புகுந்தார்.

விடுதலை பெற்ற பின்னும் அவர் தம் எண்ணத்தைக் கைவிடவில்லை. 1815ஆம் ஆண்டு மீண்டும் கடன் பெற்று ஹவானா சென்றார். இம்முறை முதலில் பனிக்கிடங்கைக் கட்டினார். இரட்டைச் சுவர் எழுப்பி, இடைவெளியில் வெப்பத்தைத் தடுக்கும் பொருள்களை நிரப்பினார். உருகி வடியும் நீரை அளந்து பார்த்து, எந்தப் பொருள் சிறந்தது என்று சோதித்தார். வாங்குவோரையும் அவரே உருவாக்கினார். பானக் கடைக்காரர்களுக்குத் தொடக்கத்தில் பனிக்கட்டியை விலையின்றிக் கொடுத்து, குளிர்ந்த பானத்தைச் சாதாரணப் பானத்தின் விலைக்கே விற்கச் செய்தார். ஒருமுறை சுவைத்தவர் மறுமுறை அதனையே கேட்பர் என்பது அவர் கணக்கு. அக்கணக்குத் தவறவில்லை. பின்னர் அமெரிக்காவின் தென்பகுதி நகரங்களான சார்ல்ஸ்டன், சவானா, நியூ ஆர்லியன்ஸ் ஆகியவற்றிலும் அவருடைய பனிக்கிடங்குகள் எழுந்தன.

கப்பலுக்குள் ஒரு குளிர் அறை

டியூடர் பனிக்கட்டியை உண்டாக்கவில்லை. அதனை இயற்கையே அளித்தது. அவர் கண்டறிந்தது அதனைக் காக்கும் வழி. எளிய மரக்கப்பலின் சரக்கறையைக் குளிர் அறையாக மாற்றியதே அவருடைய அரும்பணி. அதற்கு நான்கு செய்திகளை அவர் கருத்தில் கொண்டார்.

முதலாவது, வெளி வெப்பத்தை உள்ளே விடாதிருத்தல். கப்பலின் பக்கங்களை அடுத்து உட்புறமாக மற்றொரு பலகைச் சுவர் அமைக்கப்பட்டது. இரு சுவர்களுக்கும் இடையே, தோல் பதனிடப் பயன்படும் மரப்பட்டைத் தூள், மரத்தூள், வைக்கோல் போன்றவை நிரப்பப்பட்டன. தூளுக்கிடையே சிக்கி நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. மர அறுவைக் களங்களில் எவரும் விரும்பாமல் குவிந்து கிடந்த மரத்தூள், இவ்வாறு விலைமதிப்புப் பெற்றது.

இரண்டாவது, இடைவெளி இன்றி அடுக்குதல். கட்டிகளுக்கு நடுவே காற்று உலவினால் உருகுதல் விரைவாகும். ஆகவே கட்டிகள் ஒன்றோடொன்று நெருக்கமாக, ஒரே பாறை போல அடுக்கப்பட்டன. பெருங்குவியலில் வெளிப்பரப்பு ஒப்பளவில் குறைவு. ஆதலால் சிறு கட்டியைவிடப் பெருங்குவியல் நெடுநாள் நிற்கும்.

மூன்றாவது, உருகிய நீரை வெளியேற்றுதல். தேங்கிய நீர் மேலும் உருகுதலைத் தூண்டும். மரத்தூளை நனைத்து அதன் தடுக்கும் ஆற்றலைக் கெடுக்கும். கப்பலின் நிலைப்பாட்டுக்கும் ஊறு செய்யும். எனவே நீர் வடிந்து கீழே சேரவும், அங்கிருந்து பம்பு கொண்டு இறைக்கப்படவும் வழி செய்யப்பட்டது.

நான்காவது, சரக்கறையின் வாயிலை மூடியே வைத்தல். ஏற்றி முடித்ததும் மேல்மூடியை இறுக அடைத்துவிடுவர். கரை சேரும்வரை அதனைத் திறத்தல் கூடாது.

இத்துடன் வணிக நுட்பம் ஒன்றும் சேர்ந்தது. பாஸ்டனிலிருந்து வெப்பநாடுகளுக்குச் சரக்கு எடுக்கச் சென்ற கப்பல்கள் பல, போகும்போது போதிய சுமையின்றிச் சென்றன. கப்பல் அலையில் நிலைதடுமாறாதிருக்க அவற்றில் கற்களை ஏற்றுவர். கல்லுக்கு மாற்றாகப் பனிக்கட்டியை ஏற்றினால், குறைந்த கட்டணத்தில் அது கடல் கடந்துவிடும்.

குதிரை இழுத்த வாள்

தொடக்க காலத்தில் தொழிலாளர் கோடரியாலும் கைவாளாலும் பனிக்கட்டியை வெட்டினர். கட்டிகள் ஒன்றுபோல் அமையவில்லை; எனவே நெருக்கமாக அடுக்க இயலவில்லை. பாஸ்டனுக்கு அருகிலுள்ள ஃபிரெஷ் பாண்ட் என்னும் ஏரிக்கரையில் வாழ்ந்த நத்தேனியல் வயத் என்பவர் இக்குறையைத் தீர்த்தார். டியூடரிடம் பணியாற்றிய அவர், 1825ஆம் ஆண்டளவில் குதிரை இழுக்கும் வெட்டுக்கருவி ஒன்றை அமைத்தார். உழவர் கலப்பையால் சால் ஓட்டுவது போல, உறைந்த ஏரியின்மேல் அக்கருவி இணைகோடுகளாகப் பள்ளம் கீறியது. குறுக்கிலும் கீறியதும் ஏரி சதுரங்கப் பலகைபோல் தோன்றியது. பின்னர் ஒரே அளவுடைய சதுரக் கட்டிகளாகப் பெயர்த்தெடுத்தல் எளிதாயிற்று. வெட்டும் செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஒரே அளவுக் கட்டிகள் கப்பலில் இடைவெளியின்றி அடங்கின. தொலைதூரப் பயணத்துக்கு இதுவே வழி திறந்தது.

கங்கைக் கரையை நோக்கி

1833ஆம் ஆண்டு, சாமுவேல் ஆஸ்டின் என்னும் வணிகர் டியூடரை அணுகினார். அவருடைய கப்பல்கள் கல்கத்தாவுக்குச் சென்று வந்தன. ஆனால் அங்குக் கொண்டு செல்ல அவற்றுக்குப் போதிய சரக்கு இல்லை. பனிக்கட்டி அனுப்பலாமா என்று அவர் கேட்டார், டியூடர் இசைந்தார்.

அக்காலத்தில் கல்கத்தாவில் பனிக்கட்டியே இல்லை என்று கருதுதல் பிழை. ஹூக்ளிக்கு அருகே குளிர்கால இரவுகளில், வைக்கோல் பரப்பிய பள்ளங்களில் ஆழமற்ற மண் தட்டுகளை வரிசையாக வைத்து நீர் ஊற்றுவர். விடியலில் அவற்றின்மேல் மெல்லிய பனிப்படலம் உறைந்திருக்கும். வெயில் ஏறுமுன் அதனைத் திரட்டிக் குழிகளில் சேமிப்பர். வங்காள மக்களின் நுண்ணறிவுக்கு இது சான்று. ஆனால் அது அளவில் குறைவு, கலங்கலானது, விலையும் மிகுதி.

1833ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், டஸ்கனி என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனை விட்டுப் புறப்பட்டது. சூயஸ் கால்வாய் அன்று இல்லை. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியே வர வேண்டும். நான்கு திங்கள் பயணம். நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வேண்டும். செப்டம்பர்த் திங்களில் டஸ்கனி ஹூக்ளி ஆற்றில் நுழைந்தது. சரக்கறையைத் திறந்தபோது ஏறத்தாழ 100 டன் பனிக்கட்டி எஞ்சியிருந்தது.

கல்கத்தா வியந்தது. பளிங்கு போன்ற கட்டிகளைக் காண மக்கள் திரண்டனர். சுங்கவரி நீக்கப்பட்டது. வெயிலைத் தவிர்க்க இரவில் சரக்கு இறக்கவும் இசைவு வழங்கப்பட்டது. தலைமை ஆளுநர் வில்லியம் பெண்டிங்க், கப்பலுடன் வந்த முகவர் ரோஜர்சுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கிண்ணம் பரிசளித்தார். நகர மக்கள் பணம் திரட்டிப் பனிக்கிடங்கு கட்டிக் கொடுத்தனர். பின்னர் வந்த கப்பல்களில் பனிக்கட்டியோடு அமெரிக்க ஆப்பிளும் வந்தது. எனினும் இக்குளிர்ச்சி எல்லார்க்கும் கிட்டவில்லை. பெரும்பாலும் ஆங்கிலேயரும் செல்வருமே அதனை நுகர்ந்தனர். காய்ச்சலில் கிடந்த நோயாளிகளுக்கு மருத்துவர் அதனைப் பயன்படுத்தினர் என்பது மனநிறைவு தரும் செய்தி.

சென்னையும் மும்பையும்

கல்கத்தாவைத் தொடர்ந்து சென்னை, மும்பை நகரங்களிலும் பனிக்கிடங்குகள் எழுந்தன. சென்னைக் கட்டடம் 1842ஆம் ஆண்டு கட்டப்பட்டது. சென்னையில் அன்று செயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளில் நம் படகோட்டிகள் அலைகளைக் கடந்து சென்று சரக்குகளைக் கரை சேர்ப்பர். பாஸ்டன் ஏரியில் தொடங்கிய சங்கிலியின் இறுதிக் கண்ணிகளுள் ஒன்று அவர்களுடைய கைவலிமையே.

கல்கத்தா, மும்பைக் கிடங்குகள் காலப்போக்கில் மறைந்தன. சென்னைக் கட்டடம் மட்டும் எஞ்சியது. பனிக்கட்டி வணிகம் நின்றபின் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதனை வாங்கினார். 1897ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கு ஒன்பது நாள் தங்கினார். பின்னர், இளவயதில் கணவரை இழந்த பெண்களுக்குச் சகோதரி சுப்பலட்சுமி கல்வி அளித்த இல்லமாகவும் அது விளங்கியது. விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி 1963ஆம் ஆண்டு அது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றது.

பெருங்கடனும் நிறைவும்

கல்கத்தா வெற்றியைத் தொடர்ந்து டியூடர் செல்வர் ஆகிவிடவில்லை. அதே காலத்தில் அவர் காப்பிக் கொட்டை வணிகத்தில் பெரும்பணத்தை இட்டார்; விலை சரிந்தது; 2,00,000 டாலருக்கு மேல் கடன்பட்டார். மீண்டும் சிறை என்னும் நிலை வந்தபோது, பனிக்கட்டி வணிகத்தை நடத்தவிட்டால் முழுக்கடனையும் அடைப்பதாகக் கடன் கொடுத்தோரிடம் உறுதியளித்தார். ஏறத்தாழ 15 ஆண்டுகள் உழைத்து, வட்டியுடன் அதனை அடைத்து முடித்தார்.

அவர் குறையற்றவர் அல்லர். பிறர் தம் தொழிலில் நுழைவதை அவர் பொறுக்கவில்லை. போட்டியாளரின் சரக்கு உருகித் தீரும்வரை மிகக் குறைந்த விலைக்கு விற்று, அவர்களை வீழ்த்தினார். கடுங்குளிரில் ஏரிமேல் உழைத்தவர்களுக்கோ கிட்டிய கூலி சிறிது. 1846-47ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய ஆட்கள் வால்டன் குளத்தில் பனிக்கட்டி வெட்டினர். அக்குளக்கரையில் குடிலமைத்து வாழ்ந்த எழுத்தாளர் தோரோ அதனைக் கண்டார். தம் குளத்து நீர் இந்தியா வரை செல்வதை எண்ணி வியந்து தம் நூலில் எழுதினார்.

1856ஆம் ஆண்டில் பாஸ்டனிலிருந்து ஏறத்தாழ 1,46,000 டன் பனிக்கட்டி கப்பலேறியது. நகைப்புக்கு இடமான எண்ணம் ஒரு நகரத்தின் பெருந்தொழிலாக வளர்ந்திருந்தது. 1864ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், எண்பதாம் வயதில் டியூடர் மறைந்தார். பின்னர்ப் பனிக்கட்டி செய்யும் இயந்திரங்கள் பெருகின. ஏரியை வெட்டிக் கப்பலேற்றும் தொழில் மெல்ல மெல்ல மறைந்தது.

இன்றைய படகுகளில்

இன்று கடற்படகுகளிலும் கப்பல்களிலும் குளிர்சாதனப் பெட்டி பொருத்துகின்றனர். அறையின் வெப்பத்தை இயந்திரம் கவர்ந்து கடல்நீருக்கு மாற்றுகிறது. படகின் அடிப்பகுதித் துளை வழியே பம்பு கடல்நீரை உறிஞ்சும். வடிகட்டி அதிலுள்ள பாசியையும் மணலையும் தடுக்கும். வெப்பம் ஏற்ற நீர் மீண்டும் கடலில் விழும். இச்செயலைத் திருப்பி இயக்கும் வசதியுள்ள பெட்டி, குளிர்நாட்டுக் கடலில் அறையை வெப்பமாக்கவும் உதவும்.

ஆயினும் அதனைப் பொருத்துவோர் இன்றும் டியூடரின் வழியிலேயே நடக்கின்றனர். சுவர்களுக்கு வெப்பத்தடுப்பு இடுகின்றனர். காற்றுப் புகும் இடைவெளிகளை அடைக்கின்றனர். குளிர்ந்த குழாயில் துளிர்க்கும் நீர் படகில் தேங்காமல் வடிய வழி செய்கின்றனர். கருவி மாறியது, கருத்து மாறவில்லை.

அடுத்த கோடையில் சென்னைக்குச் செல்வோர் கடற்கரைச் சாலையில் அக்கட்டடத்தின்முன் சற்று நிற்கலாம். அலைக்கு அப்பாலிருந்து வந்த குளிர்ச்சியையும், அதனைக் கொண்டு சேர்த்த பல்லாயிரம் கைகளையும் நினைக்கலாம்.

சொற்பொருள்

திங்கள் – மாதம்
சரக்கறை – கப்பலில் பொருள்களை ஏற்றிவைக்கும் இடம்
ஊறு – தீங்கு
சால் – உழும்போது உண்டாகும் நீண்ட பள்ளம்
முகவர் – ஒருவர் சார்பாக வணிகம் செய்பவர்
இசைந்தார் – உடன்பட்டார்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. டியூடர் ஏன் தாமே ஒரு கப்பலை வாங்க நேர்ந்தது?
2. மார்ட்டினிக் தீவில் அவர் தோல்வியுற்றதற்குக் காரணம் யாது?
3. ஒரே அளவுடைய கட்டிகளால் விளைந்த நன்மை யாது?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. கப்பலின் சரக்கறையைக் குளிர் அறையாக்க டியூடர் கையாண்ட நான்கு வழிகளை விளக்குக.
2. டியூடரிடம் நீங்கள் பாராட்டும் பண்பு ஒன்றையும், ஏற்க இயலாத பண்பு ஒன்றையும் காரணத்துடன் எழுதுக.

இ. பிரித்து எழுதுக.
பனிக்கட்டி, நிலநடுக்கோடு, மரத்தூள், கைவலிமை

ஈ. செய்து பார்க்க.
ஒரே அளவுடைய இரு பனிக்கட்டிகளை இரு கிண்ணங்களில் இடுக. ஒன்றை மரத்தூள் அல்லது உமியால் மூடுக. மற்றொன்றைத் திறந்து வைக்க. எது முதலில் உருகுகிறது என்று கண்டு, காரணத்தைத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதுக.

உ. கேட்டு எழுதுக.
குளிர்சாதனப் பெட்டி வருமுன் உங்கள் சொந்த ஊரில் நீரையும் உணவையும் குளிர்ச்சியாக வைத்த முறைகளைத் தாத்தா, பாட்டியிடம் கேட்டு எழுதுக.